எங்கள் தெருக் குடிநீர் நிலையம்: ஓராண்டு குடித்த பிறகு

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த பிறகு 48 குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆர்.ஓ. குடிநீர் நிலையத்தைத் தொடங்கின. அந்த 48 குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஓராண்டாக அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அதில்தான் சமைக்கிறோம். நிலையத்தின் நிறைகுறைகளை, பணம் போட்ட ஒருவன் என்ற முறையில் மறைக்காமல் எழுதுகிறேன். இதை ஒட்டி அரசைப் பற்றியும் நம்மைப் பற்றியும் எனக்குள் உறுதிப்பட்ட ஒரு கருத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றைவிட்டு ஒன்றைச் சொன்னால் மதிப்புரை பாதியாகிவிடும்.

நிலத்தடி நீரில் கரைந்திருந்து, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் ஒன்றரை மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்தபோது 2.8 வந்தது. என் தங்கை மகளுக்கு முன்பற்கள் முளைத்தபோதே குறுக்கே பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. பள்ளியில் புகைப்படம் எடுத்த நாளில் அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் இன்றும் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகச் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

நிலையத்தின் அமைப்பு எளிமையானது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரக் கொட்டகை, மணிக்கு 500 லிட்டர் சுத்திகரிக்கும் இயந்திரம், இரண்டு தொட்டிகள், நான்கு குழாய்கள். குடும்பத்துக்கு 3,500 ரூபாய் முதலீடு. அதைக் கட்ட முடியாத மூன்று குடும்பங்கள் கொட்டகைக்கு அடித்தளம் தோண்டி, கல் சுமந்து, தங்கள் பங்கை உழைப்பாகவே செலுத்தின. 20 லிட்டர் கேன் உறுப்பினருக்கு ஆறு ரூபாய், மற்றவர்களுக்குப் பத்து ரூபாய். கடையில் வாங்கிய கேனுக்கு நாங்கள் முன்பு முப்பத்தைந்து ரூபாய் கொடுத்துவந்தோம்.

நான் மிகவும் மதிப்பது அங்கே வாரந்தோறும் நடக்கும் சோதனையைத்தான். கேன் விற்பவர்களும் இயந்திரம் விற்பவர்களும் பேனா போன்ற ஒரு டி.டி.எஸ். கருவியை நீரில் தோய்த்துக் காட்டி, எண் குறைந்துவிட்டது, நீர் சுத்தம் என்பார்கள். அந்தக் கருவி கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை மதிப்பிடுமே தவிர, அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. எங்கள் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் காலையில் எல்லார் முன்னிலையிலும் ஒரு சிறிய குப்பியில் நீர் பிடித்து, அதில் மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்குகிறார். நிறம் இளஞ்சிவப்பாகவே நின்றால் ஃபுளோரைடு குறைவு; மஞ்சளை நோக்கி மாற மாற அளவு கூடுகிறது என்று பொருள். நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேதியையும் அளவையும் சுவரில் உள்ள கரும்பலகையில் எழுதுகிறார். அதன் கீழேயே அந்த வாரம் எத்தனை கேன் போயிற்று, மின்கட்டணம் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பதும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குக் கட்டணம் செலுத்தி மாதிரி அனுப்புகிறோம். கடைசியாக வந்த அறிக்கையில் அளவு 0.3.

இதற்கு முன்பும் எங்கள் ஊரில் ஓர் இயந்திரம் இருந்தது. ஏதோ ஒரு திட்டத்தில் இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டோம், மாலை வாங்கினோம். எட்டாவது மாதம் மோட்டார் புகைந்து நின்றது. அதைச் சரிசெய்ய அதிகம் போனால் 2,000 ரூபாய் ஆகியிருக்கும். 14 மாதங்கள் அது அப்படியே பூட்டிக் கிடந்தது. நானே மூன்று மனுக்கள் எழுதினேன். யார் பொறுப்பு என்பதற்கு ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. அந்த 14 மாதங்களும் நாங்கள் 2.8 மில்லிகிராம் நீரைக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டிருந்தால் முடிந்திருக்கும் ஒரு வேலைக்காக அலுவலகப் படிகளில் காத்திருந்தோம். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது எங்களுடையது என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை, ஏனென்றால் அதற்காக நாங்கள் எதையும் கொடுத்திருக்கவில்லை.

புதிய நிலையத்துக்கும் ஒரு சிக்கல் வந்தது. சென்ற மே மாதம் நீரின் சுவை மாறியது. இயந்திரத்தில் உப்பைப் பிரித்தெடுக்கும் சவ்வு அடைத்துக்கொண்டதால், நீர் உப்பு பிரியாமலே வந்துகொண்டிருந்தது. அக்கா யாரையும் கேட்காமல் அன்றே குழாய்களைப் பூட்டினார். இரவு புங்க மரத்தடியில் கூடினோம். சேமிப்பில் இருந்ததோடு வீட்டுக்கு இருநூறு ரூபாய் போட்டு, மூன்றாம் நாள் சேலத்திலிருந்து புதுச் சவ்வு வந்து மாட்டப்பட்டது. கணக்கைத் துருவித் துருவிக் கேட்டவரிடம் யாரோ சலித்துக்கொண்டபோது, பாட்டி ஒருவர், “கேக்கட்டும் விடு சாமி, நம்ம காசு போட்டிருக்கமில்ல” என்றார். 14 மாதத்துக்கும் மூன்று நாளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு நான் வேறு விளக்கம் தேட விரும்பவில்லை.

அரசே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிறுவனக் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில், 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரியிலிருந்து இரண்டு மாவட்டங்களுக்கு நீர் ஏற்றும் வேலையை எந்தத் தெருவும் சேர்ந்து செய்துவிட முடியாது. அது அரசின் வேலை, அதை அரசு செய்தது. எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் அந்த நீர் எல்லா நாளும் எட்டுவதில்லை, மற்ற நாள்களில் ஆழ்துளைக் கிணறுதான். ஆய்வகம் நடத்துவதும், கலப்பட நீரை விற்பவனைத் தண்டிப்பதும், நிலத்தடி நீரை எல்லாருக்குமாகக் காப்பதும் அப்படிப்பட்ட வேலைகளே. இவற்றில் முழுக் கவனம் செலுத்த வேண்டிய அரசு, தெருமுனை மோட்டாரையும் தானே பார்ப்பேன் என்று ஏற்றுக்கொள்ளும்போது இரண்டும் கெடுகின்றன.

இலவசத்தின் விலையை நான் என் நிலத்திலேயே பார்க்கிறேன். எனக்கும் இலவச மின் இணைப்பு உண்டு. மின்சாரத்துக்குக் கணக்கு இல்லாததால், நீர் இறைப்பதற்கும் கணக்கு இல்லாமல் போயிற்று. என் தாத்தா வெட்டிய கிணறு அறுபது அடி. நான் துளையிட்டது எண்ணூறு அடி. ஆழத்தில் பாறையோடு நெடுங்காலம் தங்கிய நீரில்தான் ஃபுளோரைடு மிகுதியாகக் கரைந்திருக்கிறது. செலவை உணராமல் இறைத்த நீரின் விளைவு, கடைசியில் என் தங்கை மகளின் பற்களில் வந்து நிற்கிறது.

இந்தச் சிந்தனை எங்கள் பகுதிக்குப் புதியதன்று. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். தமது எண்பதாவது வயதில், 1959இல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எந்தத் தொழிலுக்கும் அரசின் அனுமதியை எதிர்பார்த்து நிற்க வைத்த அன்றைய ஆட்சிமுறையை லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம் என்று எதிர்த்துப் பேசினார். அவரே 1937இல் அன்றைய சேலம் மாவட்டத்தில் அரசின் கையைக் கொண்டு மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அரசு எதில் நுழைய வேண்டும், எந்த வாசலில் நின்றுவிட வேண்டும் என்று அவர் ஒவ்வொரு முறையும் எடைபோட்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். அவருடைய எல்லா முடிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கேள்வியை இன்று எந்தக் கட்சி மேடையிலும் யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை. எதை இலவசமாகத் தருவது என்பதில் மட்டுமே போட்டி நடக்கிறது.

ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். தனியாக வாழும் இரண்டு முதியவர்களுக்குக் கேன் கட்டணத்தை அவரவர் பக்கத்து வீட்டார் தம் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டார்கள். அதற்குத் தீர்மானமும் தேவைப்படவில்லை, விண்ணப்பமும் தேவைப்படவில்லை. பெரிய ஊரில் இது இவ்வளவு எளிதாக நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முகம் தெரிந்த அளவுக்குத்தான் இந்த ஏற்பாடு தாங்கும்.

குறைகளும் உண்டு. காலை ஆறு முதல் எட்டு வரையும் மாலை ஐந்து முதல் ஏழு வரையும் மட்டுமே திறந்திருப்பதால், இரவு வேலைக்குப் போகிறவர்கள் திண்டாடுகிறார்கள். முதியவர்களுக்குக் கேனைத் தூக்கிச் சென்று கொடுக்க நிலையான ஏற்பாடு இல்லை. அந்த நேரத்தில் கண்ணில் படும் பையன்களைத்தான் நம்பியிருக்கிறோம். அக்காவுக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறோம், அவர் செய்யும் வேலைக்கு அது போதாது. கேனுக்கு ஒரு ரூபாய் கூட்டியாவது உயர்த்த வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது கழிவு நீர். சுத்திகரித்த பிறகு மிஞ்சும் அந்த நீரில்தான் ஃபுளோரைடும் உப்பும் சேர்ந்து நிற்கின்றன. கோடையில் வீடு கழுவவும் கழிப்பறைக்கும் எடுத்துச் செல்கிறார்கள். மழைக்காலத்தில் யாரும் தொடாமல் ஓடைக்குள் விட்டுவிடுகிறோம். அடுத்தவர் கிணற்றுக்கு அதை அனுப்பிவிட்டு நாம் பொறுப்பானவர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதற்கென ஒரு தொட்டி கட்டும் செலவைக் கணக்கிட்டிருக்கிறோம், இன்னும் கட்டவில்லை.

நீரின் சுவை முதல் வாரம் சப்பென்று இருந்தது, பிறகு பழகிவிட்டது. சோறு வெள்ளையாக வடிகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. வெளியூரிலிருந்து வாங்க வருபவர்கள் சொந்தக் கேன் கொண்டுவர வேண்டும். உள்ளே கழுவாத கேனிலும் மூடி இல்லாத குடத்திலும் அக்கா நீர் பிடிக்க விடமாட்டார். அங்கேயே கழுவிக்கொள்ளத் தனிக் குழாய் இருக்கிறது.