மும்பையிலிருந்து ஹரிச்சந்திரகட் ஒரு நாள் மலையேற்றம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

தகும். மும்பையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் மால், அதை விட்டால் மெரின் டிரைவ் என்று அலுத்துப்போனவர்கள் ஒரு தடவையாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் இந்தக் கோட்டை மலைக்குப் போய்வர வேண்டும். ஆனால் நாம் கொடுக்கும் காசுக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. மும்பைக் குழு ஜீப் பிடித்துத் தரும், சாப்பாட்டுக்குச் சொல்லிவைக்கும், வாட்ஸப்பில் போட்டோ அனுப்பும். மலையைக் காட்டுகிறவர் அடிவாரத்து ஊர்க்காரர்தான். என் பயணத்தில் கொடுத்த காசுக்குத் தகுந்தது முழுக்க அவரால்தான்.

குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. சனி, ஞாயிறில் இந்த மலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிற குழுக்கள் நிறைய. ஏற்பாடும் கட்டணமும் எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். எனக்குத் தலைக்கு 1,400 ரூபாய் ஆனது. லோக்கல் ரயில் போய் நிற்கும் கசாராவிலிருந்து போகவர ஜீப், காலையில் போஹா (அவல் உப்புமா), டீ, மதியம் சாப்பாடு, வழிகாட்டி, வனத்துறை நுழைவுக் கட்டணம் எல்லாம் இதற்குள் அடக்கம். லோக்கல் ரயில் டிக்கெட் நம் கையிலிருந்து.

நான் சயான் கோலிவாடாவில் இருக்கிறேன், அந்தேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. தனியாகத்தான் போனேன். பெண்கள் கேட்கிற முதல் கேள்வி ராத்திரிப் பயணம் பற்றியதாக இருக்கும் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். தாதரில் இரவு கடைசி கசாரா லோக்கலைப் பிடித்தேன். பெண்கள் பெட்டியில் போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். கல்யாண் தாண்டியதும் பெட்டி காலியாகிவிடும், ஆனால் முதுகில் பை மாட்டிய நாலைந்து பெண்கள் எப்படியும் இருப்பார்கள். அவர்களும் ஏதாவது ஒரு மலைக்குத்தான் போகிறார்கள். கசாரா ஸ்டேஷன் வாசலில் அந்த நேரத்திலும் டீக்கடை, ஜீப், கூட்டம் என்று கலகலப்பாகவே இருந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை.

அங்கிருந்து ஜீப்பில் மூன்று மணி நேரம். கசாரா காட் ஏறி, இகத்புரி, கோட்டி, ராஜூர் வழியாக மலையடிவாரத்து ஊரான பாச்னை. வழியில் மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரமான கல்சுபாயின் (1,646 மீட்டர்) அடிவாரத்தைக் கடந்துதான் போகிறோம், இருட்டில் ஒன்றும் தெரியாது. தூங்கிக்கொள்ளுங்கள், ஏறும்போது உதவும்.

பாச்னையில் ஒரு வீட்டு முற்றத்தில் போஹாவும் டீயும். அந்த வீட்டிலேயே கழிப்பறை உண்டு, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பெண்கள் அங்கேயே எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது, மேலே அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

அங்கேதான் வழிகாட்டி வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெள்ளைத் தொப்பி, காலில் சாதாரண ரப்பர் செருப்பு, இடுப்பில் செருகிய கொய்த்தா அரிவாள். எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. மகாதேவ கோலி பழங்குடியைச் சேர்ந்தவர். எங்கள் பேட்டையில் கோலி என்றால் கடல், மீன், படகு. இவர்கள் மலையில் நெல்லும் கேழ்வரகும் விதைக்கிற கோலிகள், தனிச் சமூகம்.

செப்டம்பர் கடைசி வாரம். பெருமழை ஓய்ந்திருந்தது, ஓடைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாச்னை வழி இந்த மலைக்கு உள்ள பாதைகளில் எளியது, நிதானமாக ஏறினால் மூன்று மணி நேரத்தில் கோயிலுக்குப் போய்விடலாம். எளியது என்றாலும் ஓரிடத்தில் ஒரு பக்கம் தலைக்கு மேல் துருத்திக்கொண்டு பாறைச் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். கம்பி போட்டிருக்கிறார்கள். சுவரிலிருந்து சொட்டும் தண்ணீரில் பாதை வழவழவென்று இருந்தது.

எனக்கு முன்னால் போன பெண், கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த வயது, அங்கே நின்றுவிட்டாள். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. மும்பைக் குழுவின் பையன் பின்னாலிருந்து “கம் ஆன், யூ கேன் டூ இட்” என்று கத்தினான். அவள் இன்னும் இறுகிப்போனாள். மாமா வரிசையின் முன்னாலிருந்து திரும்பி வந்தார். அவளிடம் தைரியம் சொல்லவே இல்லை. அவள் காலடியில் குனிந்து, ஷூவின் முன்பக்கத்தைக் கையால் பிடித்து, தண்ணீர் ஓடாத சொரசொரப்பான இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் வைத்தார். “இங்க வை. முழுக் காலும் பதியட்டும், நுனியில நிக்காத. இப்ப அடுத்த கால்.” அப்படி ஏழெட்டு அடி. அதற்குப் பிறகு அவளே வைத்தாள். மாமா பேசாமல் முன்னால் போய்விட்டார். எனக்கும் அதே பாடம் போதுமாக இருந்தது. இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்கச் சொன்னதும் அவர்தான். மறுநாள் முழங்கால் வலிக்காததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாதை நெடுக சோன்கி பூத்திருந்தது. மழை முடியும்போது சஹ்யாத்ரி என்கிற இந்த மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளை மஞ்சளாக்கிவிடும் சின்னப் பூ. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது கார்வி. பூ இல்லை, வெறும் புதர்தான். இலையைப் பார்த்ததும் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. மாமா ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும் என்றதும் புரிந்தது. நம் குறிஞ்சிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற ஒரே பேரினம். நீலக்குறிஞ்சிக்கு 12 வருஷம், 2018இல் மூணாறு பக்கம் பூத்தது. கார்விக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது பூவை விடக் குச்சியாகத்தான் பயன்படுகிறது. கார்விக் குச்சியை அடுக்கிக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசினால் சுவர். திரும்பி வரும்போது பாச்னையில் மாட்டுக் கொட்டகைச் சுவரைத் தட்டிக் காட்டினார். பூச்சு உதிர்ந்த இடத்தில் விரல் தடிமனில் குச்சிகள் தெரிந்தன. மும்பைக் குழு தந்த அறிமுகத் தாளில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது.

மேலே முதலில் வருவது ஹரிச்சந்திரேஷ்வர் கோயில். கருங்கல்லைக் குடைந்தும் செதுக்கியும் கட்டியது, பக்கத்தில் மாடங்கள் வரிசையாக அமைந்த குளம். சாங்தேவ் என்ற யோகி தவம் இருந்த இடம் என்கிறார்கள். கொஞ்சம் கீழே கேதாரேஷ்வர் குகை. உள்ளே இடுப்பளவு தண்ணீர், நடுவில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான லிங்கம், சுற்றி நான்கு தூண்கள் இருந்த இடம். இப்போது முழுசாக நிற்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தூணும் ஒரு யுகம், கடைசித் தூண் விழும்போது கலியுகம் முடியும் என்பது ஊர் நம்பிக்கை. தண்ணீருக்குள் இறங்கி லிங்கத்தைச் சுற்றி வரலாம். கால் மரத்துப்போகிற அளவுக்குச் சில்லிப்பு. ஒரு சுற்று போதும். மழை உச்சத்தில் இருக்கும்போது வந்தால் குகைக்குள் போகவே முடியாதாம், முன்னால் ஆறாக ஓடுமாம்.

அப்புறம் கொங்கண் கடா. இதற்காகத்தான் இந்த மலைக்கு ஆட்கள் வருகிறார்கள். மேற்கே பார்த்த மாபெரும் பாறை விளிம்பு, அரைவட்டமாக வளைந்து, கீழே போகப்போக உள்பக்கமாகக் குழிந்து போகிறது. விளிம்பில் நிற்கிறவருக்குக் கால் அடியில் பாறை இல்லை, காற்றுதான். பல நூறு மீட்டருக்குக் கீழே கொங்கணத்து வயல்கள்.

விளிம்புக்குப் பத்தடி முன்பே மாமா எல்லாரையும் உட்கார வைத்துவிட்டார். பையைக் கழற்ற வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், போனைக் கையில் பிடிக்கக் கூடாது. ஒருவர் ஒருவராகத் தரையில் குப்புறப் படுத்து, தவழ்ந்து போய், தலையை மட்டும் நீட்டிப் பார்க்க வேண்டும். அந்த நேரம் முழுக்க அவர் கை நம் கணுக்காலில். என் முறை வந்தபோது கீழே மேகம் நிரம்பி ஒன்றும் தெரியவில்லை. “இரு தாயி, திறக்கும்” என்றார் மாமா. தாயி என்றால் மராட்டியில் அக்கா. இருந்தேன். பாறையின் ஈரம் சட்டையில் ஏறியது. திடீரென்று மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்து, அதற்குள் பச்சைச் சதுரங்களும் ஒரு ஓட்டுவீடும் ஒரு செம்மண் பாதையும் தெரிந்தன. இரண்டு மூன்று மூச்சு இழுப்பதற்குள் மூடிக்கொண்டது. எழுந்து வந்து உட்கார்ந்த பிறகும் வயிற்றில் அந்த ஆழம் இருந்தது.

கீழிருந்து மேலே அடிக்கும் காற்று இங்கே பிரசித்தம். மாமா ஒரு கைப்பிடி புல்லைக் கிள்ளி விளிம்புக்கு வெளியே வீசினார். அது விழவில்லை. எங்கள் தலைக்கு மேலே ஏறி, பின்பக்கம் போய் உதிர்ந்தது. சூரியன் முதுகுப் பக்கம் இருந்து, முன்னால் பள்ளத்தில் மேகம் நிரம்பியிருந்தால் முழு வட்டமாக ஒரு வானவில் தெரியும், நடுவில் நம் நிழல் நிற்கும். இங்கே இந்திரவஜ்ரம் என்கிறார்கள். அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாமா பல தடவை பார்த்திருக்கிறார்.

இப்போது குறைகள். எங்கள் குழுவில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம், வழிகாட்டி ஒருவர். அந்தப் பாறைச் சுவர் இடத்தில் அவர் முன்னேயும் பின்னேயும் ஓடிக்கொண்டிருந்தார். இது சரியில்லை. பதினைந்து பேருக்கு ஒருவராவது வேண்டும். புக் செய்வதற்கு முன் இதைக் கேளுங்கள், பதில் மழுப்பினால் வேறு குழுவைப் பாருங்கள். இரண்டாவது, ஒருவர் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தார், குழுக்காரர்கள் தடுக்கவில்லை. கல்சுபாய் ஹரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நடக்கிறோம். இரைச்சலை விட்டு ஓடிவந்த இடத்துக்கு அதையே முதுகில் சுமந்துகொண்டு வருவது எனக்குத் தாங்கவில்லை. போய்ச் சொன்னேன், அணைத்தார். நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். மூன்றாவது, நிகழ்ச்சி நிரலில் இருந்த தாராமதி சிகரம். மலையின் உச்சி அதுதான். காலையில் அறிமுக விளையாட்டு என்று வட்டமாக நிற்கவைத்துக் கழித்த நேரத்தால், மதியம் நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேலேயே தகரக் கூரை போட்ட கொட்டகைகளில் ஊர்க்காரர்கள் சமைத்துத் தருகிறார்கள். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் அரிசி பாக்ரி (அரிசிமாவு ரொட்டி), கடலைமாவில் செய்த பித்லா, பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா, அரிந்த வெங்காயம். காரம் நம் ஊர் நாக்குக்குச் சரியாக இருக்கும். சமைத்த மாவ்ஷி (சித்தி என்று கூப்பிடுவது போல) நான் கேட்காமலே இரண்டாவது பாக்ரியைத் தட்டில் போட்டார், மூன்றாவதை நான் கேட்டு வாங்கினேன். எலுமிச்சைச் சர்பத், காந்தா பஜி (வெங்காய பஜ்ஜி) தனிக் காசு, குடிக்கலாம், சாப்பிடலாம்.

இறங்கும் வழியில் மாமாவிடம் கூலி பற்றிக் கேட்டேன். தொகையை இங்கே எழுதுவது அவருக்குச் சங்கடமாகலாம். ஆனால் பத்துப் பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் அவருக்கு அதே கூலிதான். இது எனக்கு உறுத்துகிறது. எங்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிவிட்டு, எங்கள் கணுக்காலைப் பிடித்த மனிதருக்கு மொத்தமாக ஒரு தொகை. தலைக்கணக்கில் அவருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று குழுவின் கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன். போகிறவர்கள் நோட்டாகக் கொஞ்சம் பணம் எடுத்துப்போய் நேராக அவர் கையில் கொடுங்கள். மேலே சிக்னல் சரியாகக் கிடைக்காது, ஜிபே வேலைக்கு ஆகாது.

நான்கைந்து பேர் சேர்ந்தால் மும்பைக் குழுவே தேவையில்லை. கசாராவில் ஜீப் பேசிக்கொள்ளலாம், பாச்னையில் சாப்பாட்டுக்கும் வழிகாட்டிக்கும் அந்த வீட்டிலேயே சொல்லலாம். ஆளுக்குச் செலவு சற்று ஏறலாம், ஆனால் காசு போக வேண்டியவர்களிடம் போகும். முதல் தடவை தனியாகப் போகிறவர்களுக்குக் குழு வசதிதான், அதை மறுக்கவில்லை.

வழி விஷயத்தில் கவனம். கீரேஷ்வர் வழி நீளமானது, டோலார் கிண்ட் என்ற கணவாய் தாண்டிப் பாறை ஏற்றம் உண்டு, பழகியவர்களுக்குச் சரி. நளிச்சி வாட் வழிக்குப் பாறையேற்றப் பயிற்சி வேண்டும், வீடியோ பார்த்து ஆசைப்பட்டுப் போகக் கூடாது. புதியவர்களுக்குப் பாச்னை. நல்ல பிடிமானம் உள்ள ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை. செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே வெயிலில் வேண்டாம்.

தாராமதி பாக்கி இருக்கிறது. டிசம்பரில் அலுவலகத் தோழிகள் மூவரோடு போகப் பேசிவைத்திருக்கிறேன். இந்த முறை குழு இல்லை, மாமாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது.