சேற்றைப் புரட்டுவது நண்டா, புழுவா?

திருகோணமலையின் கிண்ணியாப் பக்கம் தண்ணீர் வற்றும்போது கண்டல் மரங்களின் ஓரமாகக் குனிந்து பாருங்கள். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் நண்டு, வளையிலிருந்து சேற்றுருண்டை ஒன்றைக் காலால் அணைத்து வெளியே கொண்டு வந்து வைக்கும். வளை ஒரு சாண் ஆழம், சில வேளை இன்னும் கூட. மேலே சேறு பழுப்பு, கீழே கறுப்பு; கறுப்பில் காற்று இல்லை, அழுகிய முட்டை நாற்றம். வளை வழியே ஒட்சிசன் இறங்குவதால் அதன் சுவரைச் சுற்றிக் கறுப்புக்குள்ளேயே மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று உண்டாகும். மண்வெட்டியால் ஒரு கட்டி வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கண்டல் வேருக்கும் அந்தக் காற்று நல்லது. கைவிட்ட வளையை அடுத்த பெருக்கு புது வண்டலால் நிரப்பிவிடும்.

புழுவின் வேலை வேறு. சில கடற்புழுக்கள் ஆழத்துச் சேற்றை விழுங்கி, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மேலே இடியப்பச் சுருள் போலக் கழிக்கும். அடிமண் மேலேறும், மேல்மண் கீழிறங்கும். குழாய் கட்டி வாழும் புழுக்களோ சளியால் மண்ணை ஒட்டிப் பிடித்துவைக்கும்.

இரண்டில் எது முக்கியம்? கண்டல் ஓரத்துக்கு நண்டு என்றே சொல்வேன். திறந்த சேற்றுவெளியில் புழுதான். நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனாலோ அலையாலோ மட்டும் ஒரு சாண் ஆழத்துச் சேற்றைப் புரட்ட முடியாது.