வியாசர்பாடி வீட்டுச் சுவரில் ஜப்பான் வரைபடம்

எட்டாவது படிக்கும் மகளுக்காகப் பெரம்பூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். 180 ரூபாய் சொன்னார், 150க்குப் படிந்தது. சுருட்டிக் கொடுத்ததில் ஹொக்கைடோ மேல் விழுந்த மடிப்பு இன்னும் போகவில்லை.

ஆனால் ஆறுகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே மிக நீளமான ஷினானோவே 367 கிலோமீட்டர்தான். நம்ம காவிரியில் பாதிகூட இல்லை. நாகானோ பக்கம் அதற்கே சிகுமா என்று பெயர். இரண்டு பெயரையும் அச்சிட்டிருப்பது எனக்குப் பிடித்தது.

தோனே ஆற்றுக்காகவே காசு கொடுக்கலாம். ஒரு காலத்தில் தோக்கியோ விரிகுடாவில் கலந்த ஆறு அது. 17ஆம் நூற்றாண்டில் தோக்குகாவா ஆட்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே திருப்பி, சோஷி அருகே பசிபிக் கடலில் விட்டார்கள். பழைய போக்கு புள்ளிக்கோடாக இருக்கிறது. மகள் ஜன்னலைக் காட்டி, "நம்ம பக்கிங்காம் கால்வாயும் வெட்டினதுதானேப்பா?" என்றாள். வெட்டினதுதான், மழை வந்தால் தெருவுக்குள்ளேயே வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பிவா ஏரி, சுமார் 670 சதுர கிலோமீட்டர், தெளிவாக இருக்கிறது. அதிலிருந்து கியோத்தோவுக்கு 1890இல் வெட்டி முடித்த கால்வாயைத்தான் காணோம். அப்புறம், ஹச்சிரோகாட்டா ஏரி முழுசாக நீலம். அதில் பெரும்பகுதி வயலாகிப் பல வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் மகள் பச்சைப் பென்சிலால் தீட்டிவிட்டாள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.