இன்டர்நெட் ரேடியோ அடிக்கடி நின்றுபோகிறதா? ரவுட்டரில் நான் மாற்றியவை

வைஃபையில் சேர்ந்து உலக வானொலி நிலையங்களைப் பாடும் தனிப் பெட்டிதான் இன்டர்நெட் ரேடியோ. அதை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டு ரவுட்டர் எந்த அறையில் இருக்கிறது, அதன் அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். சில வருடங்களாக எங்கள் வீட்டில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி அமெரிக்காவிலிருந்து வரும்போது அப்பாவுக்காக வாங்கி வந்தது. காலை ஐந்தரைக்கு அப்பா அதைப் போட்டால் சிங்கப்பூரில் மணி எட்டு; ஒலி 96.8 அங்கே முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அடுத்த பட்டனில் மலேசியாவின் மின்னல் எஃப்எம், அதற்கடுத்து ஆகாசவாணி. போனைத் தொடாமல், விளம்பர நோட்டிபிகேஷன் எதுவும் குறுக்கிடாமல், ஒரு பட்டனில் பாட்டு வருகிறது. அவர் வயதுக்கு இதைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆரம்பத்தில் படாத பாடு படுத்தியது. நடுப்பாட்டில் நின்றுவிடும், இல்லையென்றால் ‘நெட்வொர்க் இல்லை’ என்று திரையில் காட்டும். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள். அது தேவையே இல்லை. 128 கேபிபிஎஸ்ஸில் வரும் ஒரு நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு ஆகும் டேட்டா ஏறக்குறைய 58 எம்பிதான். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ரேடியோவுக்கு வேண்டியது வேகமில்லை, அறுபடாமல் வரும் இணைப்பு.

கோளாறு ரேடியோவிலா ரவுட்டரிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை வைஃபையின் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்து (ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்று ஒரு பட்டன் இருக்கும்), ரேடியோவை அதில் இணையுங்கள். ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பாடினால் ரேடியோ நன்றாக இருக்கிறது, ரவுட்டரைத்தான் பார்க்க வேண்டும். ரேடியோவுக்குப் பின்னால் லேன் போர்ட் (நெட் கேபிள் சொருகும் துளை) இருந்தால் இன்னும் நல்லது. கேபிளைச் சொருகிப் பார்த்துவிடலாம். சர்வீஸ் சென்டரில் எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்வார்கள். சேமித்து வைத்த நிலையங்கள் அத்தனையும் அதில் போய்விடும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரேடியோவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். இந்த வகை ரேடியோக்களில் நிறைய அப்படித்தான். இப்போது வரும் ரவுட்டர்களோ 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எந்தச் சாதனத்தை எதில் சேர்ப்பது என்று தாமே தீர்மானிக்கின்றன. போனுக்கு இது சௌகரியம். ஆனால் சில ரவுட்டர்கள் 2.4-இல் வந்து கதவைத் தட்டும் சாதனத்தை 5-க்குத் தள்ளப் பார்க்கும். போக வழியில்லாத ரேடியோ வெளியே நிற்கும். ரவுட்டர் செட்டிங்கில் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ என்றோ ‘பேண்ட் ஸ்டீரிங்’ என்றோ இருப்பதை அணைத்துவிட்டு, 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்தேன். பாதித் தொல்லை அன்றே தீர்ந்தது. விருந்தினருக்கென்று ரவுட்டர் தரும் கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்தாலும் பாட்டு வரும், ஆனால் கெஸ்ட்டில் இருக்கும் சாதனங்களை மற்றவற்றிலிருந்து ரவுட்டர் பிரித்து வைப்பதால் போன் ஆப்பிலிருந்து ரேடியோவை இயக்க முடியாமல் போகும்.

மீதிப் பாதிதான் விசித்திரமானது. சில நாட்கள் ரேடியோவின் பட்டியலில் எங்கள் வைஃபை பெயரே வராது. மாடி வீட்டுப் பெயர் வரும், எதிர் ஃபிளாட்டின் பெயர் வரும், பத்தடி தள்ளியிருக்கும் எங்கள் ரவுட்டருடையது வராது. அதே நேரத்தில் போனில் முழு சிக்னல் இருக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் வரும், சில சமயம் வராது. எந்த வைஃபை எந்தச் சேனலில், அதாவது அலைவரிசையின் எந்த உட்பிரிவில், ஓடுகிறது என்று காட்டும் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போனில் போட்டு, ரேடியோவில் பெயர் வராத நாட்களில் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த நாட்களிலெல்லாம் ரவுட்டர் 12-ஆம் சேனலிலோ 13-ஆம் சேனலிலோ இருந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சாதனங்கள் பொதுவாக 11-ஓடு நின்றுவிடும். ரவுட்டரில் சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தது, அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலைப் பார்த்து, காலியாக இருந்த மேல் சேனலுக்கு அது போய்விடும். ரேடியோவுக்கு அங்கே பார்க்கக் கண்ணே கிடையாது. ஆட்டோவை எடுத்துவிட்டு 6-இல் நிறுத்தினேன், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். அதற்குப் பிறகு பெயர் காணாமல் போனதே இல்லை. வெளிநாட்டிலிருந்து ரேடியோ வரவழைப்பவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள். உங்கள் பக்கத்தில் எதில் கூட்டம் குறைவோ அதை வைத்துக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் பொறுமை வேண்டும். கீபோர்டு கிடையாது. திருகு குமிழைத் திருப்பி ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, அழுத்தி, அடுத்ததைத் தேட வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் ஒரே நீள வரிசையில் ஓடும். அழிக்கும் பொத்தானும் ஓகேயும் அந்த வரிசையின் ஆரம்பத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கும், குமிழைப் பின்பக்கமாகத் திருப்பினால்தான் தெரியும். இதற்குப் பதிலாக, பாஸ்வேர்டு அடிக்காமலே சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வழி நல்லது: ரவுட்டரில் அந்தப் பட்டனை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் ரேடியோவிலும் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சேர்ந்ததும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள், பாதுகாப்புக்கு அதுதான் சரி. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சேர மறுத்தால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3-இல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரேடியோக்களுக்கு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று இருக்க வேண்டும்.

அப்புறம் கரண்ட். பவர் கட்டாகி வந்தால் ரேடியோ சில நொடிகளில் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்து நெட் வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் ரேடியோ தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்று சொல்லி நின்றுவிடும். ‘என்னப்பா, கரண்ட் வந்துடுச்சு, பாட்டு வரலையே’ என்று அப்பா கூப்பிடுவார். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி இரண்டு பெட்டிகளுக்கும் கொடுத்தேன். வாங்கும் முன் அடாப்டர்களின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து, ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் இல்லை. இந்த மொத்த வேலையில் நான் செலவழித்த பணத்துக்கு நல்ல பலன் கொடுத்தது இந்த யுபிஎஸ்தான்.

இரண்டு ரவுட்டர் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, நாமே வாங்கியது ஒன்று என்று இருந்தால், இரண்டும் சாதனங்களுக்குத் தனித்தனியே ஐபி முகவரி (நெட்வொர்க்கில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துக் குழப்பும். ஒன்றை, முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். ரேடியோவின் ஐபி 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். நான் ரேடியோவின் மேக் முகவரியை (சாதனத்துக்குத் தயாரிப்பிலேயே கொடுத்த அடையாள எண்) கொடுத்து, அதற்கென்று ஒரு நிரந்தர ஐபியை ரவுட்டரில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ரேடியோ மெனுவில், ஸ்டேண்ட்பையிலும் நெட்வொர்க்கை விடாமல் வைத்திருக்கவா என்று கேட்கும் இடத்தில் ‘ஆம்’ கொடுத்திருக்கிறேன். பட்டனை அழுத்தியதும் பாட்டு வருகிறது.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு நிலையம் மட்டும் வராமல் மற்றவை வந்தால் நெட்வொர்க்கைத் தொடாதீர்கள். அந்த நிலையம் தன் ஸ்ட்ரீம் முகவரியை மாற்றியிருக்கும்; பட்டியலில் மறுபடி தேடிச் சேமித்தால் போதும். வைஃபை இருந்தும் எந்த நிலையமுமே வரவில்லையென்றால் ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை (இணையப் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித் தரும் சர்வர்) 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் விக்கினால் ரேடியோவை அதன் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருப்பவை.

வீட்டில் இருந்துகொண்டு நம்மால் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. இந்த ரேடியோக்கள் நிலையப் பட்டியலை ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரிலிருந்து எடுக்கின்றன. ரெசிவா என்ற சேவை 2021-இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல பிராண்டு ரேடியோக்கள் பழுதில்லாமல் இருந்தும் பட்டியல் இழந்தன. நல்ல ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் உள்ள ரேடியோ அப்படிப் போவது எனக்குத் தாங்காத விஷயம். அதனால் வாங்கும்போது லேன் போர்ட், 5 கிகாஹெர்ட்ஸ், நிலைய முகவரியை நாமே சேர்க்கும் வசதி இந்த மூன்றையும் கேளுங்கள். கூடவே எஃப்எம்மும் புளூடூத்தும் இருக்கும் மாடலாக எடுங்கள். சர்வர் போனாலும் பெட்டி பாடும்.