தேடல் சர்வர் வாங்குகிறீர்களா? முதலில் ரேமைப் பாருங்கள்

எங்கள் ஈஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, ஆர்டர் போன்றவற்றை நிர்வகிக்கும்) மென்பொருளில் இன்வாய்ஸ், வாடிக்கையாளர் விவரம், இணைத்த ஆவணங்கள் என எதைத் தேடினாலும் அது எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் வழியாகத்தான் போகிறது. சில ஆண்டுகளாகச் சொந்த சர்வர்களிலேயே ஓட்டுகிறோம். இந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: பணத்தை ரேமில் போடுங்கள், அப்புறம் அந்த ரேமில் பாதியையாவது ஜாவா ஹீப்புக்கு (எலாஸ்டிக்சர்ச்சை ஓட்டும் ஜாவா தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் நினைவகத்துக்கு) கொடுக்காமல் விடுங்கள்.

காரணம், எலாஸ்டிக்சர்ச்சுக்குள் வேலை செய்யும் லூசீன் என்ற தேடல் நூலகம், தேடலுக்கான அட்டவணையான தன் இண்டெக்ஸைச் சிறுசிறு கோப்புகளாக டிஸ்க்கில் வைக்கிறது. அடிக்கடி படிக்கும் பகுதிகளை ஆபரேட்டிங் சிஸ்டம் மீதமுள்ள ரேமில் கேச் செய்து வைத்துக்கொள்ளும். தேடல் வேகம் பெரும்பாலும் இந்தக் கேச்சின் கையில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவினர் பழைய இன்வாய்ஸ்களைத் தோண்டும்போது பார்த்தால் தெரியும்: கேச்சில் இருப்பது உடனே வருகிறது, இல்லாதது டிஸ்க்கைத் தொட்டுவிட்டு வருகிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தபின் கொஞ்ச நேரம் தேடல் மந்தமாக இருப்பதும் இதனால்தான்.

ரேம் சும்மா கிடக்கிறதே, ஹீப்பைக் கூட்டலாமே என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இணங்காதீர்கள். ஹீப் சுமார் 32 ஜிபியைத் தாண்டினால் ஜாவா, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் தன் பாயின்டர்களைச் சுருக்கி வைக்க முடியாமல் போகிறது. ஒவ்வொன்றும் இரட்டிப்பு இடம் பிடிப்பதால், கூட்டிய ஹீப்பில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். எங்களிடம் இருப்பவை 64 ஜிபி இயந்திரங்கள், ஹீப் 30 ஜிபி. ஸ்வாப்பை (ரேம் போதாதபோது டிஸ்க்கை ரேம் போலப் பயன்படுத்துவதை) அணைத்துவிட்டோம்.

அடுத்தது டிஸ்க். சர்வருக்குள்ளேயே இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டிதான் (வேகமான சிப் வகை டிஸ்க்) சரி; நெட்வொர்க் வழியாக மாட்டும் என்எஃப்எஸ் சேமிப்பகம் இந்த வேலைக்கு ஆகாது. பலர் கவனிக்காத ஒன்று, எஸ்எஸ்டியின் எழுதும் ஆயுள், அதாவது எவ்வளவு எழுதினால் அது தேய்ந்துபோகும் என்ற வரம்பு. வணிக மென்பொருளில் ஒரு ஆர்டரின் நிலை நாளுக்குப் பலமுறை மாறும். லூசீன் பழைய பதிவைத் திருத்துவதில்லை. அதை நீக்கியதாகக் குறித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது, பிறகு கோப்புகளை ஒன்றுசேர்க்கும்போது மறுபடியும் எழுதுகிறது. எனவே தரவின் அளவைப் பார்த்துவிட்டு மலிவான எஸ்எஸ்டி போதும் என்று முடிவுசெய்யாதீர்கள். கொள்ளளவையும் முழுதாகக் கணக்கில் எடுக்க முடியாது. இயல்பு அமைப்பில் டிஸ்க் 85 சதவீதம் நிரம்பிய நோடுக்கு, அதாவது சர்வருக்கு, புதிய ரெப்ளிகா (இண்டெக்ஸின் நகல்) போகாது, 90-ஐத் தாண்டினால் அதில் உள்ள இண்டெக்ஸ் பகுதிகள் வேறு நோடுக்கு நகரத் தொடங்கும், 95-இல் இண்டெக்ஸில் எழுதவே முடியாது. அலுவல் நேரத்தில் அந்த 95 வந்தால் புதிய ஆர்டர் எதுவும் தேடலில் தெரியாது.

சிபியுவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிளாக் வேகத்தைவிட கோர் எண்ணிக்கை முக்கியம். முழு ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸை முதலிலிருந்து மறுபடி கட்டுவது) ஓடும்போது தவிர எங்களுடையது பெரும்பாலும் ஓய்வாகவே இருக்கிறது.

இரண்டு பெரிய சர்வர்களா, மூன்று நடுத்தர சர்வர்களா என்றால், தயங்காமல் மூன்று. மற்ற சர்வர்களை ஒருங்கிணைக்கும் மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பான்மை வேண்டும். மூன்றில் ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டு சேர்ந்து அதை முடிவுசெய்துவிடும். ரெப்ளிகா வேறு இயந்திரத்தில் இருப்பதால், வெர்ஷன் மாற்றும்போது ஒவ்வொரு சர்வராக நிறுத்தி மாற்ற முடிகிறது. தேடல் நிற்பதில்லை, பயனர்களுக்குத் தெரிவதுகூட இல்லை.

அடுத்த கொள்முதலில் கோர்கள் இப்போதைய அளவிலேயே இருக்கும், ரேம் மட்டும் 128 ஜிபி. ஹீப் அப்போதும் 30 ஜிபிதான்.