ஏற்காட்டில் நடக்க எந்தச் சுற்று? ஏரி, லூப் ரோடு, லேடீஸ் சீட், சேர்வராயன்

அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் போன் பண்ணி, "மாமா, ஏற்காட்டுல ஒரு நாள் முழுக்க நடக்கணும். கிளம்புன இடத்துக்கே சுத்தி வந்து சேரணும். ஏரியும் இருக்கணும், மலை ஓரத்துல நின்னு கீழ பாக்கவும் செய்யணும். எந்த வழியில போறது?" என்று கேட்டான். சுவிட்சர்லாந்தில் மலை முகட்டைப் பிடித்துக்கொண்டே வட்டமாக நடந்து வருபவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறான். கீழே நீல ஏரி, எதிரே பனிச் சிகரம். அதே மாதிரி நம்ம ஊரில் ஒன்று வேண்டும் அவனுக்கு.

நான் சேலத்துக்காரன். இருபது வருஷமாக அந்த மலையில் நடக்கிறேன். அவன் கேட்டது நியாயமான ஆசைதான். ஆனால் போனில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

ஆல்ப்ஸ் மலையில் சுமார் 2,000 மீட்டருக்கு மேல் மரம் வளராது. அதனால் முகட்டில் நடப்பவருக்கு இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். அதுவும் கூர்மையான முகடு கிடையாது, மேசை மாதிரி மேலே பரந்த மலை. மேசை நடுவில் உட்கார்ந்த எறும்புக்குத் தரை தெரியாது, ஓரத்துக்கு வந்தால்தான் தெரியும். நடுப்பகுதியெல்லாம் காப்பித் தோட்டம், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி. ஓரமோ பாதி எஸ்டேட் கேட்டுக்குள் இருக்கிறது, மீதி காட்டுக்குள். விளிம்பை ஒட்டியே ஒரு முழு வட்டம் அடிக்கப் பாதை இல்லை. வட்டம், ஏரி, விளிம்பு என்று மூன்று கேட்டால், எந்த வழியும் இரண்டுக்கு மேல் முழுசாகத் தராது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்துகொண்டால் வழி தானாகவே தெரிந்துவிடும்.

ஏரியைச் சுற்றுவது இருப்பதிலேயே சின்னது. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. வட்டமும் உண்டு, ஏரியும் உண்டு, ஆனால் மலையில் நிற்கிற உணர்வு வராது. பத்து மணிக்கு மேல் படகு டிக்கெட் வரிசை, மிளகாய் பஜ்ஜி வாசனை, கார் ஹாரன் என்று ஏரிக்கரை ஒரு சந்தையாகிவிடும். காலை ஆறு மணிக்கு மட்டும் அது வேறு ஏரி. தண்ணீர் மேல் படுத்திருக்கிற பனி, வெயில் ஏற ஏறக் கிழிந்து கிழிந்து விலகும். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள், அந்த நேரத்தில் பார்த்தால் அந்தப் பெயர் சரியாகத்தான் படும். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. நல்ல மழைக்குப் பிறகு போனால் அதையும் பார்க்கலாம். ஆனால் இறங்குகிற வழி செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டாம்.

அடுத்தது லூப் ரோடு. ஏற்காட்டில் வட்டம் என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது இதைத்தான். 32 கிலோமீட்டர். ஏரியில் தொடங்கி, நாகலூர், காவேரி பீக் என்று எஸ்டேட்டுகளுக்கும் கிராமங்களுக்கும் நடுவே போய், திரும்ப ஏரிக்கே வந்து சேரும். பைக்கில் போனால் இதைப்போல் ஒரு ரோடு பக்கத்தில் எங்கும் இல்லை என்பேன். சைக்கிள்காரர்களுக்கும் நல்ல வழி. நடக்க?

மணிக்கு நாலு கிலோமீட்டர் என்று வைத்தாலும் எட்டு மணி நேரம். சாப்பாடு, டீ, உட்காருவது எல்லாம் சேர்த்தால் பத்து. அதில் முக்கால்வாசி நேரம் கண்ணுக்குத் தெரிவது இரண்டு பக்கமும் காப்பிச் செடியும் மரத் தண்டுகளும்தான். பள்ளத்தாக்கு அங்கங்கே தலைகாட்டி மறைந்துவிடும். ஏரியோ கிளம்பும்போது ஒரு தடவை, முடிக்கும்போது ஒரு தடவை. முழுக்கத் தார் ரோடு என்பதால் பாதத்துக்கு ஓய்வே இல்லை. சில வருஷம் முன்பு ஒரு அக்டோபரில் நானும் ஒரு நண்பரும் பிடிவாதமாக நடந்து பார்த்தோம். இருபது கிலோமீட்டர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நண்பருடைய ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது, கயிறு வாங்கிக் கட்டிப் பார்த்தோம். கடைசியில் மிளகு மூட்டை ஏற்றி வந்த ஒரு வண்டியை நிறுத்தி, மூட்டை மேலேயே உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம்.

ஆனாலும் அந்த ரோட்டை முழுசாக ஒதுக்க எனக்கு மனசு வராது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். காப்பிச் செடியின் கிளையெல்லாம் கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ கொத்தாக அப்பியிருக்கும். மல்லிகைக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வாசனை, ரோட்டிலேயே நிற்கும். இரண்டு மூன்று நாளில் பூ பழுப்பேறிவிடும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820களில் இந்த மலையில் காப்பி போட ஆரம்பித்தார் என்று பள்ளியில் படித்ததெல்லாம் அந்த வாசனைக்கு நடுவே நிற்கும்போதுதான் எனக்கு உண்மையாகத் தோன்றியது. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் லூப் ரோட்டில் ஐந்தாறு கிலோமீட்டர் போய்த் திரும்பலாம். வட்டத்தை முடிக்கத் தேவையில்லை.

விளிம்புதான் முக்கியம் என்பவர்களுக்கு இரண்டு இடம் உண்டு. தென்மேற்கில் லேடீஸ் சீட், கிழக்கில் பகோடா பாயிண்ட். லேடீஸ் சீட் ஏரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், நடந்தே போய்விடலாம். அங்கே நின்றால் நாம் ஏறி வந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் சில காலுக்குக் கீழே கிடக்கும். அதற்கு அப்பால் சேலம் பரந்து கிடக்கும், நடுவே மேக்னசைட் என்ற கனிமத்தை வெட்டிய வெள்ளைத் திட்டுகள். வானம் சுத்தமாக இருக்கிற நாளில் மேற்கே மேட்டூர் அணைத் தண்ணீர் தகடு மாதிரி மின்னும். ஏரியில் கிளம்பி அங்கே போய் நிற்பவருக்கு இது இன்னொரு ஏரி, 1934இல் கட்டி முடித்த அணையின் ஏரி. இருட்டிய பிறகு சேலத்து விளக்குகள் எரிவதைப் பார்க்கவே பலர் காத்திருப்பார்கள்.

பகோடா பாயிண்டில் காலை வெயில் நேராக விழும். மலை மக்கள் கல்லை அடுக்கி வைத்த கூம்புகளால்தான் அந்தப் பெயர். அங்கே ஒரு ராமர் கோயிலும் உண்டு. கீழே அயோத்தியாப்பட்டணம் பக்கம் தெரியும். இரண்டில் ஒன்று என்றால் காலையில் பகோடா, மாலையில் லேடீஸ் சீட். நேரத்தை மாற்றிப் போனால் வெயில் கண்ணில் அடிக்கும், பள்ளத்தாக்கு வெறும் புகை மூட்டமாகத் தெரியும். ஒரே குறை, இரண்டுமே போய்விட்டுத் திரும்பி வருகிற இடங்கள். வட்டம் வராது.

சேர்வராயன் கோயிலுக்கு நடப்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் ஏற்றம். போக இரண்டு மணி நேரம், வர ஒன்றரை. கோயில் வரை வண்டி போகும் என்பதால் பெரும்பாலானவர்கள் நடப்பதே இல்லை. நடப்பவருக்கு மட்டும் கிடைக்கிற ஒன்று உண்டு. கடைசிப் பகுதியில் மரம் குறைந்து, தோட்டம் முடிந்து, திடீரென்று வானம் அகலமாகிவிடும். உச்சி தட்டையான புல்வெளி. அலுமினியத் தாதுவான பாக்சைட் உள்ள செம்மண், அதன் மேல் முழங்கால் உயரப் புல். 5,326 அடி உயரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவும் பள்ளத்தாக்கும்தான். ஆல்ப்ஸில் மரம் முடிகிற உயரத்துக்கு மேல் கிடைக்கிற அந்தத் திறப்பு, இந்த மலையில் இந்த ஒரு இடத்தில்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. காற்று மட்டும் ஓயாது. புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்து, மறுபடி எழுந்து, மறுபடி படுக்கும்.

கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். குகை காவிரி வரை போகிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. இந்த மலையில் காலங்காலமாக வாழ்கிற மலையாளி பழங்குடியினரின் சாமி இவர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களே சொல்லும் கதை. மே மாதத்தில் திருவிழா. அன்றைக்குப் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம், புல்வெளியைப் பார்க்க முடியாது. ஆனால் அந்தச் சாமி யாருக்குச் சொந்தம் என்று அன்றைக்குத்தான் தெரியும். அதற்காகவே ஒரு தடவை போகலாம்.

எச்சரிக்கையாக ஒன்று. இப்போது எஸ்டேட்டுகளில் காட்டெருமை நடமாட்டம் அதிகம். ஒரு தடவை விடியற்காலையில் டீக்கடையில் நின்று குறுக்கு வழி கேட்டேன். கடைக்கார அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, "குறுக்கால போவாத கண்ணு, காட்டுமாடு எறங்கியிருக்கு. ரோட்டுலயே போ, வெயில் வந்ததுக்கப்பறம் போ" என்றார். நானும் ரோட்டிலேயே போனேன். அரை கிலோமீட்டர் தாண்டியதும் காப்பிச் செடிகளுக்கு மேலே கறுப்பாக ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன். அது தலையைத் தூக்கிப் பார்த்தது, அப்புறம் அதன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டு சரிவில் இறங்கிவிட்டது. கூகுள் மேப்பில் கோடு இருக்கிறது என்று எஸ்டேட் குறுக்குப் பாதையில் யாரும் இறங்க வேண்டாம். அது தனியார் நிலமும்கூட.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அக்கா மகனிடம், "வட்டத்தை விட்டுடுடா. சேர்வராயன் போ. ஏரியில கிளம்பி ஏரியிலயே முடி, அது போதும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "போன வழியிலேயே திரும்பினா சலிக்காதா மாமா?" என்றான். சலிக்காது. ஏறும்போது முதுகுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் இறங்கும்போது கண்ணுக்கு நேரே வரும். காலைப் பனி விலகிய பிறகு அதே வளைவில் நின்றால் பள்ளத்தாக்கு புதிதாக இருக்கும். சில்வர் ஓக் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. மதியக் காற்றில் இலையெல்லாம் திரும்பிக்கொள்ள, காலையில் பச்சையாகப் பார்த்த சரிவு இறங்கும்போது வெளுத்துத் தெரியும்.

அப்புறம்தான் சொன்னான், அக்காவும் வருகிறாள் என்று. அக்காவுக்கு முழங்கால் வலி. அதனால் திட்டத்தைப் பிரித்துக்கொண்டோம். சேலத்திலிருந்து முதல் பஸ். அவனும் நானும் ஏரியிலிருந்து சேர்வராயனுக்கு நடக்கிறோம். அக்கா ஏரிக்கரையில் மெதுவாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, அண்ணா பூங்காவில் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் இறங்கி வந்ததும் மூன்று பேரும் ஆட்டோ பிடித்து லேடீஸ் சீட். செவ்வாய்க்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். சனி, ஞாயிறு என்றால் வளைவுகளிலேயே பாதி நாள் போய்விடும். வாட்டர் பாட்டில் இரண்டு, ஒரு ஸ்வெட்டர், தொப்பி. மிளகாய் பஜ்ஜிச் செலவு அவனுடையது என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டாள்.