கேவி-1, டி-90, டைகர்: பரிசாகக் கேட்க எந்த டாங்கி கிட்?

போன தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு சிங்கப்பூரிலிருந்து பெரியம்மா மகன் போன் செய்தார். "ஊருக்கு வரேன் தம்பி, நீ கட்டுவியே அந்த டாங்கி கிட், அதுல ஒண்ணு வாங்கிட்டு வரேன், எதுன்னு மட்டும் சொல்லு" என்றார். ஐந்தாறு பெயர் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. ஆனால் அண்ணனுக்கு இந்தப் பொழுதுபோக்கு பழக்கமில்லை, கடையில் இரண்டு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எது மேல் என்று பார்க்க அவரால் முடியாது, வாங்கி வந்தபின் மாற்றவும் வழியில்லை. அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும், அது சரியாக இருக்க வேண்டும்.

இரண்டு நாள் யோசித்துப் பட்டியலை மூன்றாகக் குறைத்தேன். டமியா நிறுவனத்தின் கேவி-1 (இரண்டாம் உலகப் போர்ச் சோவியத் டாங்கி), மெங் நிறுவனத்தின் டி-90ஏ (இன்றைய ரஷ்ய டாங்கி), ரை ஃபீல்டின் உள்பாகத்தோடு வரும் டைகர் (இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி). மூன்றும் 1/35 அளவு, அதாவது நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. கடைசியில் கேவி-1 கேட்டேன், வந்தது, கட்டி வண்ணமும் அடித்து இப்போது அலமாரியில் நிற்கிறது. இதே கேள்வியில் நிற்பவர்களுக்குப் பயன்படும் என்று நான் எப்படி முடிவெடுத்தேன் என்பதை எழுதுகிறேன்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிஜ டைகர் பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறக்குறைய 8.45 மீட்டர் நீளம், ஆகவே 1/35-ல் 24 சென்டிமீட்டர், 1/48-ல் பதினேழரை, 1/72-ல் 12-க்குச் சற்றுக் குறைவு. வீட்டில் இடம் இல்லை என்றால் 1/48 கேளுங்கள், டமியா 2004 முதல் அந்த அளவில் நல்ல கிட்டுகள் கொடுத்துவருகிறது. ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் அடிப்பகுதி உலோகம், அதில் பிளாஸ்டிக் ஒட்ட சாதாரண சிமென்ட் (மாடல் கட்டும் பிளாஸ்டிக் பசை) பிடிக்காது, சூப்பர் குளூதான் வேண்டும். 1/72 எனக்குக் கண் பத்தவில்லை, அவ்வளவுதான். பெட்டி ஓவியம் அழகா, விவரம் கூர்மையா என்றெல்லாம் கேட்டால் இன்றைக்கு இந்த மூன்று நிறுவனமும் தரமாகவே செய்கிறார்கள்.

முடிவு செய்ய வைத்தது டிராக். டாங்கியின் இருபுறமும் ஓடும் அந்தச் சங்கிலி.

கிட்டுகளில் டிராக் மூன்று விதமாக வரும். முதலாவது பெல்ட், ரப்பர் மாதிரி வளையும் வினைலில் ஒரே பட்டையாக இருக்கும், இரண்டு முனையையும் சேர்த்துச் சக்கரத்தின் மேல் மாட்டினால் வேலை முடிந்தது. இரண்டாவது தனிக்கண்ணி, ஒவ்வொரு கண்ணியையும் அது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, சீவி, ஒன்றோடொன்று கோர்க்க வேண்டும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் உள்ளது: தரையில் படியும் நீளமான பகுதி ஒரே துண்டு, மேலே போகும் பகுதி ஒரே துண்டு, முன்னும் பின்னும் சக்கரத்தைச் சுற்றி வளையும் இடத்துக்கு மட்டும் தனிக்கண்ணிகள். இந்த மூன்றாவதைத்தான் நான் "துண்டு டிராக்" என்று சொல்லப் போகிறேன். பரிசு கேட்பவர் பெட்டிப் படத்தைப் பார்க்கும் முன் எந்த டிராக் என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெல்ட் வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் ஒரு பழைய மாடல். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. கல்லூரி நாட்களில் கட்டியது, பீரோவுக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் ஏழெட்டு வருடம் இருந்தது. ஒரு மே மாதம் தூசி தட்ட எடுத்தபோது வலது பக்கப் பட்டை சக்கரங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மெதுவாகப் பிரித்தேன். பட்டை தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் சக்கரத்தின் விளிம்பு இளகி, ஈரம் பட்ட அச்சுவெல்லம் மாதிரி குழைந்து கிடந்தது. பட்டையின் மேல் இருந்த வண்ணமும் செதில் செதிலாகப் பெயர்ந்துவிட்டது. வினைலை மிருதுவாக வைத்திருக்கக் கலக்கும் பொருள் மெல்ல வெளியே கசிந்து, பக்கத்தில் இருக்கும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை, அதாவது மாடலின் மற்ற பாகங்களை, அரிக்கும். எல்லாப் பட்டையும் இப்படிச் செய்யாது, இப்போது வரும் பட்டைகள் பல எவ்வளவோ மேல், சாதாரண சிமென்டிலேயே ஒட்டும், வண்ணமும் பிடிக்கும். ஆனாலும் நம் ஊர் வெயிலில் பத்து வருடம் தாங்குமா என்று கேட்டால், எனக்கு அந்த வலது பக்கச் சக்கரங்கள்தான் ஞாபகம் வருகிறது. பரிசாக வந்ததைத் தூக்கிப் போடவும் மனம் வராது, நிற்க வேண்டிய காலம் வரை நிற்க வேண்டும்.

இன்னொன்று, தோற்றம். நிஜ டிராக் எஃகு, டன் கணக்கில் எடை, அதனால் மேல் பகுதி உருளைக்கு உருளை தொய்ந்து தொங்கும். பெல்ட் விறைப்பாக நேர்கோட்டில் நிற்கும். நூலால் கட்டியோ சக்கரத்தோடு அழுத்தி ஒட்டியோ தொய்வு கொண்டுவரலாம், நானும் செய்திருக்கிறேன், ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கம் வராது.

கேவி-1 இந்த இடத்தில்தான் ஜெயித்தது. டமியா 2020-ல் கொண்டுவந்த 1941 மாதிரி, பெட்டியில் போட்டிருக்கும் கிட் எண் 35372, துண்டு டிராக்கோடு வருகிறது. மேல் துண்டிலேயே தொய்வு வார்த்திருக்கிறார்கள். கேவி-க்குப் பக்கவாட்டில் மறைப்புத் தகடு கிடையாது, மூன்று சிறிய உருளைகளின் மேல் டிராக் ஏறி இறங்கிப் போவது அப்படியே கண்ணில் படும். நிஜத்தில் அந்தச் சங்கிலி 70 சென்டிமீட்டர் அகலம், மாடலில் 2 சென்டிமீட்டர், பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டியின் பாதி அழகு அதில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே மாலையில் முடித்தேன். சக்கரங்களை அச்சில் ஒட்டாமல் வெறுமனே செருகி வைத்து, டிராக்கை அவற்றின் மேலேயே கட்டி, பசை முழுதாக இறுகும் முன் விரலால் வளைத்துப் படிய வைத்து, இரவு முழுக்க விட்டுவிட்டால் காலையில் சக்கரமும் டிராக்கும் ஒன்றாகக் கழன்று வரும். தனியாக வண்ணம் அடிக்கலாம். மேல் மட்கார்டுகளை அதுவரை ஒட்டக்கூடாது, ஒட்டினால் வெளியே எடுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பின்னால் இருக்கும் பல்சக்கரத்தின் பல் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் நான் அதைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டேன், கடைசிக் கண்ணி சேரும் இடத்தில் அரைக் கண்ணி இடைவெளி வந்தது. பசை முழுக்கக் காயாததால் பல்சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பி இழுத்துச் சேர்க்க முடிந்தது, மறுநாள் பார்த்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

சரி, மற்ற இரண்டுக்கும் வருகிறேன். டி-90 மேல் ஆசை வருவது நமக்கு இயல்பு. பீஷ்மா என்ற பெயரில் அது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது, அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் ஒன்று கட்ட வேண்டும் என்று தோன்றும். மெங்கின் டி-90ஏ அருமையான கிட். ஆனால் அது ரஷ்ய வண்டி. குழலுக்கு இருபக்கமும் சிவப்புக் கண்கள் மாதிரி நிற்கும், எதிரி ஏவுகணையைக் குழப்பும் ஷ்டோரா விளக்குகள் இந்திய டி-90-ல் இல்லை, அந்த இடத்தை வெடிகவசக் கட்டிகளால் (குண்டு பட்டால் தானே வெடித்துத் தடுப்பவை) நாமே நிரப்பி மாற்ற வேண்டும், நிறையப் புகைப்படம் பார்க்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவருக்கு அது சந்தோஷமான வேலைதான். பெட்டியில் இருப்பதை அப்படியே கட்டி ஆவடி வண்டி என்று வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

டிராக் கணக்கிலும் அது எனக்கு ஒத்துவரவில்லை. தனிக்கண்ணி, கோர்த்தபின் நிஜம் போல அசையும், அழகு. அப்படி உட்கார்ந்து கோர்த்தபின் மேல் பாதி முழுவதையும் பக்கத் தகடு மூடிவிடும். இதை நண்பர் ஒருவர் வீட்டில் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வார இறுதிகள் அவர் கண்ணி கோர்த்தார், தகடு மாட்டியதும் வெளியே தெரிந்தது கீழ் வரிசையும் இரு ஓரங்களும்தான். அவருக்கு அதில் வருத்தமே இல்லை, கோர்ப்பதே அவருக்குப் பிடிக்கும். உங்களுக்கும் அப்படி என்றால் நான் சொல்வதைத் தாராளமாக ஒதுக்கிவிட்டு டி-90 கேளுங்கள்.

உள்பாக டைகரை நான் கட்டியதில்லை, அதனால் அளவோடுதான் பேசுவேன். இன்ஜின், கியர்பாக்ஸ், குண்டு அடுக்குகள், ஓட்டுநர் இருக்கை எல்லாம் இருக்கும், கட்டி முடித்தவர்களின் மாடலை மேல்தட்டைத் தூக்கிக் காட்டும்போது மூச்சு நின்றுவிடும். கணக்கைப் பாருங்கள். டைகருக்குப் பக்கத்துக்கு 96 கண்ணி, இரண்டு பக்கமும் 192. ஒரு கண்ணியை வெட்ட மூன்றே இடம் என்று வைத்தாலும் 576 வெட்டு, அத்தனையையும் சீவ வேண்டும். ஆரம்பகால டைகரின் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்காக நுழைந்து நிற்பவை, பக்கத்துக்கு 24. வேலை பார்த்துவிட்டு வந்து இரவில் ஒரு மணி நேரம் உட்காருபவர்களுக்கு இது பல மாத வேலை. விலையும் கேவி-1 போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒருவரிடம் பரிசாக அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. டைகர்தான் வேண்டும் என்றால் டமியாவின் 35216 இருக்கிறது, பழையது, பெல்ட்தான், ஆனால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது அவ்வளவு சுகமாக இருக்கும். டிராக்கை மட்டும் பிறகு தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்காகக் கேட்பதாக இருந்தால் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். பெல்ட் டிராக்கே கேளுங்கள். அவர்கள் அதைத் தரையில் ஓட்டிப் பார்ப்பார்கள், துண்டு டிராக் முதல் நாளே உடையும்.

வண்ணத்திலும் கேவி-1 எனக்கு வசதி. 1941 வண்டி பெரும்பாலும் ஒரே பச்சை, ஏர்பிரஷ் (காற்றில் வண்ணம் தெளிக்கும் கருவி) இல்லாதவரும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து ஸ்ப்ரே டப்பாவில் முடிக்கலாம், மீதி எல்லாம் மண், துரு, எண்ணெய்க் கறை என்று தூரிகை வேலை. கதையும் உண்டு. 1941 ஆகஸ்டில் லெனின்கிராடுக்குத் தெற்கே கொலொபானொவ் என்ற சோவியத் டாங்கி அதிகாரி ஒரு கேவி-1-ல் மறைந்திருந்து 22 ஜெர்மன் டாங்கிகளை அடித்ததாகச் சோவியத் பதிவு. என் மாடலின் டரட்டில் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூண்டு) குண்டு பட்ட தழும்புகளை ஊசியைச் சூடாக்கி நான் போட்டது அதை நினைத்துத்தான். வீட்டுக்கு வருபவர்கள் முதலில் விரல் வைத்துப் பார்ப்பதும் அதைத்தான்.

இனி கேட்கும் முறை. பெயரை மட்டும் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். டமியாவிலேயே 1970களில் வந்த கேவி-1சி கிட்டும் இருக்கிறது, வினைல் பட்டையோடு வருவது. "கேவி-1, டமியா" என்று சொல்லி அனுப்பினால் கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்தாலும் அவர்மேல் தப்பில்லை. நான் 35372 என்ற எண்ணையும் பெட்டியின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அண்ணன் கடையில் நின்று பெட்டியைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பி, "இதானே?" என்று கேட்டு வாங்கினார்.

அப்புறம் பசையும் ஸ்ப்ரேயும் சேர்த்துக் கேட்காதீர்கள். பிளாஸ்டிக் சிமென்ட், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் எல்லாம் தீப்பற்றும் பொருட்கள், கைப்பையிலும் வராது, செக்-இன் பெட்டியிலும் வராது, வாங்கிக் கொடுத்தவர் விமான நிலையத்தில் பறிகொடுத்துவிட்டு வருவார். அதை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கிட் பெட்டியோ புடவைப் பெட்டி போலத்தான், கனமே இருக்காது, ஆனால் நசுங்கும். துணிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் நீளமான டிராக் துண்டு வளைந்தால் நிமிர்த்துவது கஷ்டம்.

பொங்கலுக்கு அண்ணன் மறுபடி வருகிறார். டமியாவின் பேன்சர் 38(டி) என்ற ஜெர்மன் டாங்கி கேட்டிருக்கிறேன், அதுவும் துண்டு டிராக்தான். எண் 35369, நேற்றே அனுப்பிவிட்டேன்.